பூட்டி வைக்கப்படும் கிதார்!

பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியலை வெளியிட்டுவிட்டு, ஒன்பதே நாள்களில் அதைக் கைவிட்டு வேறொரு பட்டியலை வெளியிட வேண்டிய நிலை 2025 ஜூலையில் கேரள அரசுக்கு ஏற்பட்டது. முதல் பட்டியலில் முன்னணியில் இருந்த பலர் இரண்டாவது பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். பின்தங்கியிருந்த பலர் முன்னேறினர். இடைப்பட்ட நாள்களில் மாணவர்களில் எவரும் புதிதாக எதையும் படித்துவிடவில்லை. எதையும் மறந்துவிடவும் இல்லை. மாறியது கணக்கிடும் முறை மட்டுமே.

கேரளத்தில் பொறியியல் தரவரிசைக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண் சரிபாதியாகவும், பிளஸ் 2 வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களில் பெற்ற மதிப்பெண் மறுபாதியாகவும் கொள்ளப்படுகின்றன. இந்த மூன்று பாடங்களுக்கும் சமமாக இருந்த விகிதத்தை 5:3:2 என்று மாற்றும் திருத்தம், முடிவுகள் வெளியாவதற்குச் சற்று முன்னர்தான் செய்யப்பட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தில் பயின்றோர் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. ஜூலை 9-ஆம் தேதி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி பட்டியலை ரத்து செய்தார். மறுநாள் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்யவே, பழைய முறைப்படி புதிய பட்டியல் வெளியிடப்பட்டது. மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அந்த ஆண்டின் சேர்க்கையில் தலையிட இயலாது என்று ஜூலை 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இதில் இரு தரப்பினரின் குறைகளிலும் நியாயம் உண்டு. பழைய முறையில், மதிப்பெண்களைச் சமன் செய்யும்போது தங்களுக்கு இழப்பு ஏற்படுகிறது என்பது மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் நீண்ட நாள் மனக்குறை. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றுவதா என்பது மற்றவர்களின் கேள்வி. ஆனால், இந்த வாதப் பிரதிவாதங்களில் பேசப்படாமல் போன ஒன்று உண்டு. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களுக்காக ஒரு தலைமுறை தனது பதினாறு, பதினேழாம் வயதில் எவற்றையெல்லாம் இழக்கிறது என்பதே அது.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகத்தையே எடுத்துக்கொள்ளலாம். வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய குளமும் அந்தப் பகுதியின் அடையாளங்கள். சிறிது தொலைவில் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. தைக்காட்டில் அவர் பெயரிலேயே இசைக் கல்லூரி இயங்குகிறது. 1939-இல் இசை அகாதெமியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தை முதலில் வழிநடத்தியவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அடுத்துப் பொறுப்பேற்றவர் செம்மங்குடி சீனிவாச அய்யர். இருவருமே தமிழகம் தந்தவர்கள். அதே 1939-ஆம் ஆண்டில்தான் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டது. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம், ஒரே ஆண்டில் இசைக்கும் பொறியியலுக்கும் உயர்கல்வி நிலையங்களை அமைத்தது. ஒன்று மற்றொன்றுக்குத் தடை என்று அன்று எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

இன்றைய நிலை வேறு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் முதலில் நிறுத்தப்படுவது இசை வகுப்புதான். அடுத்து, பாடத்திட்டத்தில் இல்லாத கணினிப் பயிற்சி. கிதார் உறைக்குள் போகிறது. கீபோர்டு பரண் ஏறுகிறது. பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் பயிற்சி மையங்கள் எடுத்துக்கொள்கின்றன. "ரேங்க் வந்த பிறகு எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்" என்பது பெற்றோர் சொல்லும் சமாதானம். நான்காண்டுப் படிப்பு, வேலை தேடல் என்று அடுத்தடுத்து வரும் அலுவல்களில் அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதே இல்லை.

நிறுத்தப்படும் இந்த இரண்டும் வெறும் பொழுதுபோக்குகள் அல்ல என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். கிதாரில் முதலில் கற்பிக்கப்படும் 'கார்டு' என்பது, மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது. ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகியவை சேர்ந்தால் மேஜர் கார்டு. காந்தாரத்தை மட்டும் அரைச் சுரம் இறக்கி சாதாரண காந்தாரமாக்கினால் அதுவே மைனர் கார்டு. மகிழ்ச்சி தொனித்த இடத்தில் ஏக்கம் தொனிக்கும். மூன்றில் ஒன்றை ஒரு படி மாற்றினால் மொத்தமும் மாறுகிறது என்பதை ஒரு சிறுவன் தன் காதாலேயே அறிகிறான். விரல் நுனிகள் வலிக்கும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு விரல்கள் தாளம் தப்பாமல் மாறச் சில வாரங்களாவது பிடிக்கும். அவசரப்பட்டுப் பயனில்லை; மெதுவாக வாசித்துப் பழகிய பின்னரே வேகம் கைகூடும்.

கணினி நிரலாக்கமும் இப்படித்தான். கேரள அரசுப் பள்ளிகள் இதில் நாட்டுக்கே முன்னோடி. 2001-இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம், 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருப்பெற்றது. கட்டற்ற மென்பொருள்களையே கொண்டு பாடம் நடத்தும் இந்த அமைப்பு, 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களை உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கியது. கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி நிரல் எழுதும் 'ஸ்கிராட்ச்' முதல் எளிய மின்னணுக் கருவிகள் வரை எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் செய்து பார்க்கின்றனர். 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பில் ரோபோ தொழில்நுட்பமும் பாடமாக்கப்பட்டது. இத்தனை அக்கறையோடு ஊட்டப்படும் ஆர்வம், பிளஸ் 1 வகுப்பின் வாசலில் நுழைவுத் தேர்வு என்ற சுவரில் முட்டி நிற்பதுதான் வேதனை.

இசையும் நிரலாக்கமும் கற்றுத் தரும் பொதுப் பாடம் ஒன்று உண்டு. தவறு செய்யலாம், அது உடனே தெரியும், கண்டுபிடித்துத் திருத்தலாம். அபஸ்வரத்தைக் காது காட்டிக்கொடுக்கும். நிரலின் பிழையைக் கணினி காட்டிக்கொடுக்கும். ஒரு பொறியாளரின் அன்றாட வேலையே இதுதான். ஆனால், கேரள நுழைவுத் தேர்வில் 180 நிமிடங்களில் 150 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 மதிப்பெண் குறையும். பெருந்திரளானோரைத் தரவரிசைப்படுத்த இத்தகைய தேர்வு தேவைப்படலாம். அதற்கான தயாரிப்பே இரண்டாண்டுக் கல்வியாகிவிடும்போது, தவறுக்கு அஞ்சும் பழக்கம்தான் மாணவர்களிடம் வேரூன்றும்.

நுழைவுத் தேர்வை ஒழித்தால் போதும் என்பாரும் உண்டு. தமிழகம் 2006-இல் சட்டம் இயற்றி, 2007-08 முதல் பொறியியலுக்குப் பிளஸ் 2 மதிப்பெண்ணையே அடிப்படையாக்கியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடப்படும் 'கட்-ஆஃப்' முறை, பயிற்சிக் கட்டணம் செலுத்த வழியில்லாத கிராமப்புறக் குடும்பங்களுக்குப் பெரும் நிம்மதி அளித்தது. எனினும், அங்கும் அரை மதிப்பெண்ணுக்கான ஓட்டம் ஓயவில்லை. தேர்வு முறை எதுவாயினும், வீட்டிலும் பள்ளியிலும் நிலவும் மனப்பான்மை மாறாமல் மாணவர்களுக்கு ஓய்வு கிட்டாது.

சென்னை ஐஐடி, 2025-26 கல்வியாண்டில் கலை, பண்பாட்டுத் துறைகளில் சிறந்தோருக்கென ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்களை உருவாக்கியது. அவற்றில் ஒன்று மாணவியருக்கு உரியது. கணினியியல் உள்ளிட்ட அறிவியல் ஒலிம்பியாடுகளில் திறன் காட்டியவர்களுக்கும் தனி வழி அமைக்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கம், ஐயமில்லை. ஆனால், தேசிய அளவில் விருதும் அங்கீகாரமும் பெற்ற மிகச் சிலருக்கே அந்தக் கதவு திறக்கும். ஸ்ரீவராகத்தில் மாலை நேரத்தில் நான்கு கார்டுகளைப் பழகும் சிறுமிக்குத் தேவை கூடுதல் மதிப்பெண் அல்ல. நாளொன்றுக்கு அரை மணி நேரம். இசைக்கும் மதிப்பெண் தரத் தொடங்கினால், அதற்கும் பயிற்சி மையங்கள் முளைத்துவிடும்.

பட்டியலில் முந்திய மாணவர்கள் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு நடப்பது இன்னும் விந்தையானது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், 2015-இல் அறிமுகமான தனது முதல் பாடத்திட்டத்திலேயே பட்டம் பெற 100 செயல்பாட்டுப் புள்ளிகள் வேண்டும் என்று நிர்ணயித்தது. கலை, விளையாட்டு, சமூக சேவை ஆகியன அதில் அடங்கும். பதினாறு வயதில் நிறுத்தச் சொன்னதைப் பத்தொன்பது வயதில் கட்டாயமாக்குவது எவ்வகையில் பொருந்தும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தரவரிசை கணக்கிடும் முறையை விண்ணப்பம் பெறுவதற்கு முன்பே அறிவித்து, முடிவு வெளியாகும் வரை மாற்றாதிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகும் கணினி மன்றங்களும் இசை வகுப்புகளும் தொடர்வதற்குப் பள்ளி நேர அட்டவணையிலேயே இடம் ஒதுக்க வேண்டும். கலைக்கும் அறிவியலுக்கும், பாடத்துக்கும் பாடம் சாரா செயல்பாட்டுக்கும் இடையே கடுமையான பிரிவினை கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. பதினாறு வயதுக்கு உட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்கின்றன மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள். இவை தில்லியில் கோப்புகளாக உறங்குவதால் பயனில்லை. மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும்.

கல்வி அமைப்பு மாறும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தரவரிசைப் பட்டியல் ஓர் அரசாணையால் மாறும். ஒரு தீர்ப்பால் மீண்டும் மாறும். விரல்கள் பழகிய கார்டையும், தானே எழுதி, தானே பிழை திருத்திய முதல் நிரலையும் எந்தத் திருத்தமும் ரத்து செய்துவிட முடியாது. பிளஸ் 2 படிக்கும் பிள்ளையின் அறையில் அந்தக் கிதார் உறையில்லாமலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.