யார் காலை வாரிச் சிரிக்கிறீர்கள்?

சென்ற ஆண்டு புதுச்சேரியில் ஒரு கல்லூரி விழா. நாடக ஆய்வு மாணவி என்பதால் குறுநாடகப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள்.

பத்து நிமிட நகைச்சுவை ஒன்று. லாஸ்பேட்டையில் வாடகை வீடு தேடி ஒருவன் வருகிறான். முகத்தில் கரி, அழுக்கு லுங்கி, "இன்னா சார்" என்று இழுவைப் பேச்சு. வீட்டுக்காரர் கேட்பதற்கெல்லாம் உளறுகிறான், கடைசியில் போதையில் விழுகிறான். அரங்கம் அதிர்ந்தது. சக நடுவர்கள் பத்துக்கு ஒன்பது போட்டார்கள். நான் மூன்று போட்டேன். "காமெடியை காமெடியா பாருங்க மேடம்" என்றார்கள்.

அப்படித்தான் பார்த்தேன். தெருக்கூத்தில் கட்டியங்காரன் துரியோதன ராஜாவையே வம்புக்கு இழுப்பான். எம்.ஆர்.ராதா ராமாயணத்தை மேடையில் கிண்டலடித்தார்; 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. அதற்காக மரபு முழுக்கத் தங்கம் என்று சொல்லவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் டான்ஸ்காரப் பெண்ணை மட்டம்தட்டித்தான் பபூன் பாதிச் சிரிப்பை வாங்குகிறார். அதையும் கேள்வி கேட்போம்.

2023இல் பெங்களூரு ஜெயின் பல்கலைக்கழக மாணவர்கள் அம்பேத்கரையும் தலித்துகளையும் கேலி செய்து நாடகம் போட்டார்கள். 2024இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் 'சோமாயணம்' நாடகம் சீதையை இழிவுபடுத்தியதாகப் போராட்டம், வழக்கு. இரண்டும் ஒன்றுதானே என்கிறார்கள். ஒன்று, இன்றும் வாடகை வீடு மறுக்கப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தது. மற்றது, கோயிலும் கட்சியும் காவல் நிற்கும் கதையைத் தொட்டது. இதற்குப் போலீஸ் தீர்வு என்று நான் சொல்லவில்லை. ஒத்திகையிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

அந்த மாணவர்களிடம் விழா முடிந்து சொன்னேன்: "வசனத்தை வச்சுக்கோங்க. கரியை அழிங்க. வந்தவன் நிதானமா நிக்கட்டும். திணற வேண்டியது வீட்டுக்காரர். சாதியைக் கேட்கணும், ஆனா கேட்ட மாதிரியும் இருக்கக் கூடாது. 'எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? குலசாமி எது? சைவம்தானே?' ஒவ்வொரு கேள்விக்கும் அவர் வேர்க்கட்டும்."

ஒருவன் அங்கேயே நடித்துக் காட்டினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கப்பா இப்படித்தான் கேப்பாரு" என்றான்.

அந்த இடத்தில்தான் நான் பத்து மதிப்பெண் போடுவேன்.