சாகாவரம் வாங்கின புல்!

கோல்ஃப் பார்த்திருக்கீங்களா பாஸ்? கிரிக்கெட்டுக்காக சேனல் மாத்தும்போது பச்சைப் பசேல்னு ஒரு செகண்ட் வந்துட்டுப் போகுமே, அதேதான். அந்தப் பச்சைக்குப் பின்னாடி செம வில்லங்கமான கதை ஒண்ணு இருக்கு.

பந்து விழுற குழியைச் சுத்தி இருக்கிற இடத்துக்கு 'கிரீன்'னு பேர். புல்லை வெறும் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டியிருப்பாங்க. அங்கே 'பென்ட்கிராஸ்'தான் ராஜா. ஆனா நடுவுல 'போவா அனுவா'ங்கிற களை புகுந்துடும். வெள்ளை வெள்ளையா கதிர் விட்டு, பந்து ஓடுற வழியைக் கெடுத்துடும். இதுவும் புல், அதுவும் புல். 'ரவுண்டப்' களைக்கொல்லி அடிச்சா ரெண்டும் காலி! அப்புறம் புதுசா விதை போட்டு, வாரக்கணக்கா கிரீனையே மூடி வைக்கணும்.

'ரவுண்டப் அடிச்சாலும் சாகாத பென்ட்கிராஸ் இருந்தா?'ன்னு யோசிச்சாங்க ஸ்காட்ஸ், மான்சான்டோ கம்பெனிக்காரங்க. பாக்டீரியாவோட ஜீனை உள்ளே வெச்சு ரெடியும் பண்ணிட்டாங்க. ஐடியா என்னவோ சூப்பர்தான், ஒத்துக்கணும்.

விதைக்காக அதைப் பயிர் பண்ணின இடம், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துல... மெட்ராஸ்! நிஜமாவே அப்படி ஒரு ஊர் இருக்கு. (நம்ம ஊர்த் துணி மூட்டையில இருந்த பேரைப் பார்த்து வெச்சதா ஒரு கதை சொல்றாங்க.) சுமார் 400 ஏக்கர். சுத்திலும் பாதுகாப்பு எல்லை எல்லாம் போட்டுத்தான் வெச்சாங்க. 2003 ஆகஸ்ட்ல அடிச்ச சூறைக்காத்து அதை மதிக்கலை. ஒரு கிராம்ல பத்தாயிரத்துக்கும் மேல இருக்கிற தம்மாத்தூண்டு விதை, எங்கே போய்ப் பொறுக்குறது? மகரந்தம் 21 கிலோமீட்டர் வரை போயிருக்குன்னு 2004-ல் அரசு விஞ்ஞானிகளே சொன்னாங்க. 2007-ல் ஸ்காட்ஸுக்கு 5 லட்சம் டாலர் அபராதம்.

அதோட முடியலை. பக்கத்து மாநிலமான ஐடஹோவுல இருந்த சோதனை வயல்கள்ல இருந்தும் புல் தப்பிச்சு, 2010-ல் ஒரேகானோட கிழக்கு ஓரத்துல பாசன வாய்க்கால்கள்ல நின்னுச்சு. வாய்க்கால் புல்லுக்கு அங்கே வழக்கமா அடிக்கிறது எது தெரியுமா? அதே ரவுண்டப்! தண்ணிக்குப் பக்கத்துல அடிக்க அனுமதி இருக்கிற வேற மருந்தும் ரொம்பக் கம்மி.

விதையை விற்பனைக்குக் கொண்டுவர மாட்டோம்னு ஸ்காட்ஸ் ஒப்புக்கிச்சு. 2017 ஜனவரியில அரசாங்கமும் அந்தப் புல் மேல இருந்த கட்டுப்பாட்டை நீக்கிடுச்சு. எந்தக் கடையிலயும் வாங்க முடியாத அந்தப் புல்லோட இப்போ மல்லுக்கட்டுறது, கோல்ஃபுக்குச் சம்பந்தமே இல்லாத வெங்காய விவசாயிங்க!