ஒரு பவுலிங் பந்துக்கு ஏன் தடை? எல்லாம் அந்த ‘மேல்தோல்’ செய்யும் வேலை!

பவுலிங் என்றதும் உங்களுக்கு பும்ரா ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால், இது அந்த பவுலிங் இல்லை. வார இறுதியில் நண்பர்களோடு மாலுக்குப் போய், வாடகை ஷூவை மாட்டிக்கொண்டு பத்து பின்களைச் சாய்க்கிறோமே, அந்த டென்பின் பவுலிங். அங்கே பந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? கலர் பார்த்து. மிஞ்சிப் போனால் இரண்டு பந்தைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்வோம். அவ்வளவுதான்.

இதே பந்தை வைத்து அமெரிக்காவில் 2022-ல் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. அந்நாட்டில் பவுலிங் விதிகளை வகுக்கும் அமைப்பான யுஎஸ்பிசி, ஸ்டார்ம் நிறுவனத்தின் ‘ஸ்பெக்டர்’ என்ற பந்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தையே ரத்து செய்தது. அதே குழுமத்தின் இன்னும் 6 பந்துகளை, தான் நடத்தும் தேசியப் போட்டிகளுக்குக் கொண்டுவரக் கூடாது என்றது. ஹாமர் நிறுவனம் 2016, 2017-ல் தயாரித்த ‘பர்ப்பிள் ஹாமர்’ பந்துகளுக்கும் அதே ஆண்டில் அதே கதி. குற்றச்சாட்டு ஒன்றுதான்: பந்தின் மேற்பரப்பு அனுமதித்த அளவைவிட மென்மையாக இருக்கிறது.

மென்மையா? 7 கிலோ குண்டு மாதிரி இருக்கிற ஒரு பந்தில் மென்மை எங்கிருந்து வந்தது?

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

பந்தைப் புரிந்துகொள்ள முதலில் லேனைப் புரிந்துகொள்ள வேண்டும். வீரர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. பளபளவென்று தெரியும் அந்தப் பாதையில் பெரும்பாலும் முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். மீதி காய்ந்த பலகை. சுழற்றி விடப்படும் பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போய், காய்ந்த இடம் வந்ததும் ‘பிடித்து’ வளையும். இதுதான் ஹூக்.

வளையாமல் நேராகப் போனால் என்ன? நடு பின்னில் மோதும், இரண்டு பக்கமும் ஓரத்தில் பின்கள் தப்பிக்கும். நம்மில் பலர் மாலில் அனுபவித்த சோகம் இது. வலது கைக்காரர்கள் குறி வைக்க வேண்டியது முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை. அங்கேயும் சுமார் 6 டிகிரி கோணத்தில் நுழைந்தால்தான் பத்தும் விழ நல்ல வாய்ப்பு. அந்தக் கோணத்தை நேர் பந்து கொடுக்காது.

எவ்வளவு வளையும், எங்கே வளைய ஆரம்பிக்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பந்தின் மேல்தோல். அதை ‘கவர்ஸ்டாக்’ என்பார்கள். உள்ளே இருக்கும் ‘கோர்’ என்ற எடைக் கட்டியைக் காட்டித்தான் நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அதற்கும் பங்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், யுஎஸ்பிசியின் பந்து நகர்வு ஆய்விலேயே முன்வரிசையில் நின்றவை மேற்பரப்பின் சொரசொரப்பும் எண்ணெய் உறிஞ்சும் தன்மையும்தான்.

மாலில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர். கெட்டியானது, எண்ணெயைக் குடிக்காது, கிட்டத்தட்ட நேராகப் போகும். 1980-களில் யூரிதேன் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் வந்ததும் ஆட்டமே மாறியது. நுண்துளைகளால் எண்ணெயை உறிஞ்சி, காய்ந்த பலகையில் சடாரென்று திரும்பும் ரகம் அது.

மென்மையானால் யாருக்கு நஷ்டம்?

மேற்பரப்பு மென்மையானால் பலகையோடு ஒட்டும் பரப்பு கூடும், பிடிப்பும் கூடும். இதை 1973-லேயே ஒருவர் கண்டுகொண்டார். டான் மெக்யூன் என்ற அமெரிக்க வீரர் தன் பந்துகளை ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கினார். எளிதில் தீப்பற்றும் திரவம் அது. அந்த ஒரே சீசனில் 6 பட்டங்கள், ஆண்டின் சிறந்த வீரர் விருது! அப்போது அதைத் தடுக்க விதியே இல்லை. அதற்குப் பிறகுதான் கடினத்தன்மைக்குக் கீழ்வரம்பு வந்தது. டியூரோமீட்டர் என்ற கருவியின் ஊசியைப் பந்தின் மேல் அழுத்திப் பார்ப்பார்கள். ‘ஷோர் டி’ அளவுகோலில் வரம்புக்குக் கீழே போகக் கூடாது. 2022-ல் சிக்கிய பந்துகள் தடுக்கி விழுந்தது இந்தக் கோட்டில்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லேன் பொதுச் சொத்து. உங்கள் பந்து அதைத் தொட்டுவிட்டுப் போனபின் அடுத்தவர் அதிலேதான் ஆட வேண்டும். ரியாக்டிவ் பந்து எண்ணெயைக் குடித்துவிடும். பர்ப்பிள் ஹாமர் போன்ற யூரிதேன் பந்து குடிக்காது, முன்னால் தள்ளிக்கொண்டு போகும். காய்ந்திருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் படலம் விழும். அடுத்தவரின் பந்து திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. பந்து மென்மையாகவும் இருந்துவிட்டால், போட்டவருக்கு மட்டும் பிடிப்பு, மற்றவருக்கு வழுக்கல். கோபம் வராமல் இருக்குமா?

விதிகளும் இறுகிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. போட்டியின் நடுவே பந்தைத் துடைக்க ஈரத் துணி, திரவம் எதுவும் கூடாது என்றார்கள். 2020 ஆகஸ்ட் 1 முதல் சமநிலைக்காகப் போடும் கூடுதல் துளையும் போனது. விரல் நுழையாத துளை பந்தில் இருக்கவே கூடாது.

சரி, நான் என்ன வாங்குவது?

மாலில் ஆடும்போது: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தொடக்கத்துக்கு ஓகே. 16 பவுண்டுதான் உச்சவரம்பு. கனத்தைவிட கட்டைவிரல் துளையைப் பாருங்கள். லூஸாக இருந்தால் நம்மை அறியாமலே பந்தை இறுக்கிப் பிடிப்போம். மணிக்கட்டு வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

சொந்தப் பந்து வாங்கும் அளவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? உங்கள் கைக்கு அளவெடுத்துத் துளை போடச் சொல்லுங்கள். ஆடும்போது விரல் வீங்கும், சுருங்கும். அதற்காகத் துளைக்குள் ஒட்டும் டேப் இருக்கிறது. ஒன்று ஒட்டினால் இறுகும், உரித்தால் தளரும். சின்ன விஷயம்தான், ஆனால் இதைவிட மலிவான மேம்பாடு இந்த விளையாட்டில் கிடையாது.

அடுத்த பந்து வாங்கும் முன் இருக்கும் பந்தைத் தேய்த்துப் பாருங்கள். 500, 1000, 2000, 4000 என்று எண் போட்ட தேய்ப்பு அட்டைகள் கிடைக்கும். எண் குறைந்தால் சொரசொரப்பு கூடும், பந்து சீக்கிரமே பிடிக்கும். எண்ணெய் அதிகமுள்ள லேனுக்கு நல்லது. எண் கூடினால், அல்லது பாலிஷ் போட்டால், இன்னும் தூரம் வழுக்கிப் போய்த் திரும்பும். எல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். மீதமாகும் ஒற்றைப் பின்னைச் சாய்க்க மட்டும் பழைய பாலியெஸ்டர் போதும். வளையாதே என்று கேலி செய்தோமே, அதே குணம் இங்கே பலம்.

2022 தடையில் உண்மையான அடி வாங்கியது சாதாரண ஆட்டக்காரர்கள்தான் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் நல்ல ரியாக்டிவ் பந்து ஒன்று 150 டாலருக்கு மேல். ஒருவர் கைக்குத் துளை போட்ட பந்து இன்னொருவர் கைக்குச் சேராது. கடினத்தன்மையை வீட்டில் சோதிக்க அவர்களிடம் கருவியும் இல்லை. அங்கீகார முத்திரையை நம்பித்தான் வாங்கினார்கள். இதில் வேடிக்கை, அந்த 6 பந்துகளுக்கும் பர்ப்பிள் ஹாமருக்கும் தடை விழுந்தது தேசியப் போட்டிகளில் மட்டும். ஊர் லீக்கில் வெள்ளிக்கிழமை ஆடிய பந்தை, மறுநாள் தேசியப் போட்டிக்கு எடுத்துப் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.