உறங்குபவருக்குக் கேட்காத சத்தம்



தூக்கத்தில் பல் கடிப்பவருக்குத் தான் கடிப்பது தெரியாது. தெரிவதெல்லாம் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான். நள்ளிரவில் ‘நறநற’வென்று சத்தம் கேட்டு மனைவி விழித்துக்கொள்வார், கணவரோ அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். விடுதியில் அறைத்தோழி இரவெல்லாம் கேட்டிருப்பாள், காலையில் சொன்னால், “நானா? இருக்கவே இருக்காது!” என்பாள் கடித்தவள். உடம்பின் பெரும்பாலான தொந்தரவுகளை நாமே உணர்ந்து மருத்துவரிடம் சொல்லிவிடுகிறோம். இதை மட்டும் முதலில் இன்னொருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இன்னொருவரிடம் பேசத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

குழந்தைகளிலிருந்து தொடங்குவோம். பிள்ளை பல்லைக் கடித்தால், “வயித்துல பூச்சி இருக்கு” என்று பாட்டி சொல்வதும், மறுநாளே பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் நம் வீடுகளில் வழக்கம்தான். பூச்சி மாத்திரை நல்லது. தேசியக் குடற்புழு நீக்க நாளில் 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் போடச் செய்யுங்கள். குடற்புழுவையும் அதனால் வரும் ரத்தசோகையையும் தடுக்க அது உதவும். ஆனால் பல் கடிப்பதற்குப் புழுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாத்திரை போட்டும் சத்தம் நிற்கவில்லை என்றால் பதறி மறுபடி மறுபடி கொடுக்க வேண்டாம். பால்பல் விழுந்து நிலைப்பல் வந்து, பிள்ளை வளர வளர, பெரும்பாலும் அது தானாகவே நின்றுவிடும்.

அம்மாக்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா? குறட்டை விடுகிறதா? தூக்கத்தில் புரண்டு புரண்டு படுத்து, காலையில் சோர்ந்து எழுகிறதா? அப்படியானால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கி மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கலாம். தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களிடமும் பல் கடிப்பது அரிதான விஷயம் இல்லை. கனடாவில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 8 பேர் தூக்கத்தில் பல் கடிப்பதாகத் தெரிந்தது. வயது ஏற ஏற இது குறைவதையும் அந்த ஆய்வு கண்டது. மருத்துவர்கள் இதை ‘ப்ரக்ஸிசம்’ என்கிறார்கள்.

இது ஏன் வருகிறது? இரவு முழுவதும் தூக்கம் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஆழ்வதும் மேலெழுவதுமாக நகர்கிறது. மேலோட்டமான தூக்கத்தில் சில நொடிகளே நீடிக்கும் சின்னச் சின்ன விழிப்புகள் எல்லோருக்கும் வந்துபோகின்றன. காலையில் அவை நினைவில் இருப்பதில்லை. தலையிலும் தாடையிலும் கம்பிகளை ஒட்டித் தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் ஒரு வரிசையைக் கண்டிருக்கிறார்கள்: முதலில் மூளையின் அலைகள் மாறுகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதன் பிறகே தாடைத் தசைகள் இறுகி, பற்கள் உரசுகின்றன. ஆக, சத்தம் பல்லிலிருந்து வந்தாலும் அதன் தொடக்கம் தூக்கத்தில் இருக்கிறது.

பல் வரிசை கோணலாக இருப்பதுதான் காரணம் என்று ஒரு காலத்தில் பல் மருத்துவர்களே நம்பினார்கள். இன்று அந்தக் கருத்து வலுவிழந்துவிட்டது. கடிப்பதை நிறுத்துவதற்காக நல்ல பற்களை ராவிச் சமப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் யோசனையையும் கேளுங்கள். எனாமல் போனால் திரும்ப வளராது.

தூக்கத்தைக் கலைப்பவை பல் கடிப்பதையும் கூட்டிவிடும். முதலில் மனக்கவலை: தேர்வு, கடன், மேலதிகாரியின் கடுமை, பதில் சொல்லாமல் விழுங்கிய ஒரு பேச்சு. அடுத்தது பொழுது சாய்ந்த பிறகு குடிக்கும் காபி, மது, புகை. நெஞ்செரிச்சலும் சிலருக்குத் துணை சேர்கிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளாலும் சிலருக்கு இது வருவதுண்டு. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் ஆகியவை இருந்தால் ‘ஸ்லீப் ஆப்னியா’ எனும் உறக்க மூச்சுத் தடையா என்று பரிசோதிப்பது அவசியம்.

தனியாகப் படுக்கும் வாசகர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். கேட்டுச் சொல்ல ஆளில்லாத உங்களுக்கு உடம்பே சேதி சொல்லும். எழுந்ததும் தாடை பிடித்துக்கொண்டாற்போல் இருப்பது, இரண்டு பொட்டிலும் மந்தமான வலி, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவது, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வளைவுகள், கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, அடைத்த பல் திரும்பத் திரும்ப உடைவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் பல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். தட்டையாகத் தேய்ந்த பல்லை அவர் கண் உடனே கண்டுபிடித்துவிடும். தனியார் மருத்துவமனைச் செலவுக்குத் தயங்குகிறவர்கள் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுக்குச் செல்லலாம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது ‘நைட் கார்டு’. பல்லின் அச்செடுத்து, அளவாகச் செய்து, இரவில் மாட்டிக்கொள்ளும் உறை அது. முள் பாதையில் நடப்பவனுக்குச் செருப்பு எப்படியோ அப்படித்தான் இதுவும். பாதையை மாற்றாது, காலைக் காக்கும். கடிப்பது தொடர்ந்தாலும் தேய்வது உறையாக இருக்கும், பல்லாக இருக்காது. குறட்டை உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மேல்தாடை உறை சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டக்கூடும். தாடை வலி தாங்க முடியாத அளவுக்குப் போனவர்களுக்குத் தசையில் போடாக்ஸ் ஊசி போடுவதும் உண்டு. சில மாதங்களில் அதன் பலன் குறைந்துவிடும் என்பதால், மற்ற வழிகள் உதவாதபோதுதான் அதை நாடுகிறார்கள்.

காசு செலவில்லாத பயிற்சி ஒன்றும் இருக்கிறது. இரவில் கடிப்பவர்களில் பலர் பகலிலும் தம்மை அறியாமல் பல்லை இறுக்கிக்கொண்டிருப்பார்கள். கணினி முன்னால், வண்டி ஓட்டும்போது, காய் நறுக்கும்போது கவனித்துப் பாருங்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை. உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் தளர்ந்து கிடக்கட்டும். நினைவு வரும்போதெல்லாம் இதைச் செய்தால் தாடைக்கு ஓய்வு கிடைக்கும். படுக்கும் முன் கன்னத்துக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், கைபேசியைத் தள்ளிவைத்த அரை மணி நேரம், தினமும் ஒரே நேரத்தில் படுக்கை ஆகியவையும் தூக்கத்தை அமைதியாக்கும்.

இனி, சத்தத்தைக் கேட்பவருக்கு. கேட்டதைக் கேலியாக்காதீர்கள். விருந்தினர் முன்னால், “இவங்க பக்கத்துல மனுஷன் படுக்க முடியாது” என்று சொல்லிச் சிரித்தால், அவர் வெட்கப்பட்டு மருத்துவரிடமும் வாய் திறக்க மாட்டார். தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பித் திட்டினால் தூக்கம்தான் இன்னும் கெடும். ஒரு வாரத்துக்கு நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவையுங்கள்: எந்த இரவு சத்தம் கேட்டது, குறட்டை இருந்ததா, அன்று மாலை என்ன குடித்தார், பகலில் மனசுக்குக் கஷ்டமாக ஏதாவது நடந்ததா. அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு அவரோடு நீங்களும் மருத்துவரிடம் செல்லுங்கள். அவரால் சொல்ல முடியாத விவரம் அதில்தான் இருக்கிறது.

போவதற்கு முன், “சமீபமா மனசுல ஏதாவது உறுத்துதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் உடனே வராமல் போகலாம். பரவாயில்லை, கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் வீட்டு அனுபவத்தை எங்களுக்கும் எழுதுங்கள். உங்களைப் போலவே தவிக்கும் இன்னொரு குடும்பத்துக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்