காலை நீட்டிக் கட்டாதீர்கள்!

பச்சைக் குழந்தையின் கால்கள் தவளைக்கால் மாதிரி மடங்கித்தான் இருக்கும். "இப்படியே விட்டால் கோணல் காலாகிவிடும்" என்று, குளிப்பாட்டியதும் இரண்டு காலையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றுகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், சகோதரிகளே!

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. தொடை எலும்பின் உருண்டைத் தலைதான் பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். வினிகர் ஊற்றி வைக்கும் கிண்ணம் போலிருப்பதால், லத்தீனில் அந்தக் குழிக்கு 'அசிடாபுலம்' என்றே பெயர். நமக்கு அந்தக் குழி நல்ல ஆழம். விளிம்பில் குருத்தெலும்பு வளையம், சுற்றிலும் கெட்டியான தசைநார்கள். லேசில் நழுவாது. குழந்தைக்கோ குழி ஆழம் குறைவு, பெரும்பகுதி குருத்தெலும்பு. பந்து நடுவில் உட்கார்ந்திருந்தால்தான் கிண்ணமும் சரியாக வளரும். காலை நீட்டிக் கட்டினால் பந்து விளிம்புக்குத் தள்ளப்படும்.

ஜப்பானில் 1975 வாக்கில், கால்களை நீட்டி வைக்காதீர்கள் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இடுப்பு நழுவிய குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். தலை நின்ற பிள்ளையை, தொடை விரிந்து முட்டி மடங்க, இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறோமே, அந்த நம்ம ஊர்ப் பழக்கம் மூட்டுக்கு நல்லதுதான்.

என் ஓரகத்தி பேத்தி புட்டம் முன்னால் வந்து பிறந்தவள். ஆறாவது வாரம் இடுப்பை ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. "குழந்தை நல்லாத்தானே உதைக்குது, எதுக்கு வீண் செலவு?" என்றாள் ஓரகத்தி. நான் விடவில்லை. பார்த்தால் இடது பக்கம் குழி ஆழமில்லை! தொடையை விரித்துப் பிடிக்கும் வார்ப்பட்டையை மூன்று மாதம் போட்டதில் சரியாகிவிட்டது.

தலைச்சன் பெண் குழந்தை, புட்டம் முன்னால் வந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்த குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். துணி மாற்றும்போது முட்டியை மடக்கி மெதுவாக விரித்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் விரிய மறுக்கிறதா? ஒரு முட்டி தாழ்ந்து தெரிகிறதா? தொடை மடிப்புகள் ஒன்றுபோல் இல்லையா? நடக்கிற பிள்ளை ஒரு பக்கம் சாய்கிறதா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் வார்ப்பட்டையே போதும். தாமதித்தால் மாவுக்கட்டு, ஆபரேஷன் என்று போய்விடும்.

இது வலிக்காது, அதனால் குழந்தை அழுது சொல்லாது. நாமதான் பார்த்துக்கணும்.