கால் எடுக்கும் முன்பே ஒரு சிறு அறுவை

சர்க்கரை நோயில் கால் ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போகிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் கொக்கிபோல் மடங்குகின்றன. மடங்கிய விரலின் நுனி ஒவ்வொரு அடியிலும் அழுந்திக் காய்க்கிறது. காய்ப்புக்கு அடியில் புண் வைக்கிறது. வலிக்காததால் மனிதர் நடந்துகொண்டே இருக்கிறார். புண் எலும்பைத் தொட்ட பிறகு விரலை எடுக்கிறார்கள், பலருக்குக் காலையே.

இதை நடுவிலேயே நிறுத்தலாம். கையால் நிமிர்த்தினால் நிமிரும் நிலையில் விரல் இருந்து, ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால், அதை மடக்கி இழுக்கும் தசைநாணை விரலின் அடிப்பக்கம் ஊசிமுனையால் அறுத்துவிடலாம். சில நிமிட வேலை. அன்றே வீடு திரும்பலாம். காய்ப்பு கண்டவர்களுக்கு இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது 2023இல் வந்த சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டுதல்.

மரத்த காலைக் காக்கும் இந்த அறிவில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் கைகால்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தவர். ஊர் தொட மறுத்த உடம்புகளிடம் கற்றதைத்தான் 1966இல் அமெரிக்காவின் கார்வில் சென்ற பிறகு சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பயன்படுத்தினார்.

நெய்வேலிக்கு வருவோம். 1956இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அருகருகே நின்று வேலை செய்கிறார்கள். கூலி மட்டும் ஒன்றல்ல. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ், மேலே விழும் கல்லிலிருந்து விரலைக் காக்கும். ஆனால் மடங்கிப்போன விரலுக்கு அதற்குள் இடமில்லை, உரசும். அறுவைக்குச் சில நிமிடம் போதும், சரி. காயம் ஆறும்வரை வீட்டில் இருக்கும் நாட்களுக்குக் கூலி யார் தருவார்? வேலைக்கு வராவிட்டால் கூலியில்லை என்ற நிலையில் இருப்பவர், மருத்துவர் சொன்னாலும் தள்ளித்தான் போடுவார்.

சூத்திரரைக் காலில் பிறக்கவைத்தது புருஷ சூக்தம். தலித்துகள் செருப்போடு தெருவில் நடக்கக் கூடாது என்றன ஊர்கள். காலைக் கீழாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் மருத்துவ அறைக்குள் நுழையவில்லை என்று நான் நம்பவில்லை. சர்க்கரை அளவைக் கேட்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்பவர்கள் எத்தனை பேர்?

சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றன 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள். சர்க்கரை உள்ளவர் பாதத்துக்கு அது போதாது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பத்து கிராம் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சி பார்க்கச் சில நிமிடம் ஆகும். பணி நிரந்தரம் கேட்கும் சங்கங்கள் அதே கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஆண்டுப் பாதப் பரிசோதனை, விரலுக்கு இடம் தரும் பூட்ஸ், அறுவைக்குப் பின் கூலியோடு விடுப்பு ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும்.