பனியில் உறைந்த பண்டங்களும் நம் அடுக்களையும்

உணவைக் கெடாது காத்து வைப்பது நம்மவர்க்குப் புதிய கலையன்று. வவுனியா வடக்கிலுள்ள நெடுங்கேணிப் பகுதி அடுக்களைகளில் மோர்மிளகாயும், புழுக்கொடியலும், கருவாடும் இருக்கக் காண்கிறோம். இவை யாவும் வெயில் தந்த கொடை. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக நீர் வேண்டும். அந்நீரை வெயில் கவர்ந்து விடுவதால் அவை பெருக வழியின்றிப் போகின்றன. யப்பானியர் இதே காரியத்தைப் பனியைக் கொண்டும் சாதித்தனர். கோயா மலையின் பெயரால் வழங்கும் 'கோயாதோபு' என்னும் சோயாக்கட்டி, உறைய வைத்துப் பின்னர் உலர்த்திச் செய்யப்படுவதாகும்.

இப்பொழுது யப்பானிய உணவைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு. 2019 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், குறிப்பிட்ட திறனுடைய தொழிலாளரை அனுப்புவது குறித்து இலங்கையும் யப்பானும் உடன்படிக்கை செய்து கொண்டன. கல்விக்கெனச் செல்வோரும் உளர். நெடுங்கேணியிலிருந்து ஒரு மகனோ மகளோ அவ்வாறு புறப்படும்போது, "பிள்ளை அங்கே எதை உண்ணும்?" என்பதே தாயின் முதற் கவலை. வேலை முடிந்து இரவில் அறைக்குத் திரும்பும் இளைஞருக்குச் சமைக்க நேரமிராது. அவ்வேளையில் கைகொடுப்பவை கடைகளில் விற்கும் உறைந்த உணவுகளே.

இத்தொழில் யப்பானில் நூறாண்டைக் கடந்தது. 1920 ஆம் ஆண்டில் ஒக்கைடோத் தீவின் மோரி என்னும் ஊரில் மீனை உறைய வைக்கும் தொழிற்கூடம் அமைந்தது. 1964 ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தபோது, வீரர்களின் உணவுச்சாலையில் உறைந்த பொருள்களும் பயன்பட்டன. அதன் பின் அவற்றுக்கு நற்பெயர் பெருகிற்று.

இதிலுள்ள நுட்பம் எளியது. மெதுவாக உறையும் நீர் பெரிய பளிங்குகளாகி உணவின் இழைகளைக் கிழித்துவிடும். விரைந்து உறைந்தால் பளிங்குகள் சிறியவையாகும். சுவையும் பதமும் கெடா. உறைந்தபின் பூச்சியத்திற்குக் கீழே 18 பாகை செல்சியசில் இடையறாது வைத்திருத்தல் வேண்டும். நுண்ணுயிர்கள் அக்குளிரில் பெரும்பாலும் இறப்பதில்லை. செயலற்றுக் கிடக்கின்றன என்பதை மறத்தலாகாது.

இனி, உண்டு பார்க்கத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது 'எடமாமே'. இது முற்றாத சோயா அவரைக்காய். அவித்து உறைய வைத்ததை நீரில் இளக்கி, உப்புடன் உள்ளிருக்கும் பருப்பை மட்டும் உண்பார்கள். சைவ உணவினர் முதலில் நாடத்தக்கது இதுவே.

இரண்டாவது 'உடோன்'. கோதுமை மாவினாலான தடித்த நூலுணவு இது. இளக விடாமல் கொதிநீரில் இட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எடுத்து விடலாம். உறைந்த உடோன் பலவற்றில், மெல்லும்போது இழுபடும் பதத்துக்காக மரவள்ளி மாப்பொருள் சேர்ப்பர். நம் தோட்டத்துக் கிழங்கு அங்கே இவ்வாறு தொண்டு செய்கிறது!

மூன்றாவது 'கியோசா'. நம் கொழுக்கட்டையை ஒத்த இதன் உள்ளே கோவாவும் இறைச்சியும் இருக்கும். சுவையூட்டும் உப்பினால் நாம் பெயரறிந்த அஜினமோட்டோ நிறுவனம் 1972 இல் இதை உறைந்த பண்டமாக வெளியிட்டது. இன்று எண்ணெயும் நீரும் சேர்க்காமலே சட்டியில் அடுக்கி மூடிச் சுடத்தக்க வகையும் உண்டு. சோயாச் சாறு பூசிச் சுட்ட சோற்றுருண்டையாகிய 'யாகி ஒனிகிரி'யும் பசியாற்ற நல்லது.

எனினும், ஓர் எச்சரிக்கை. கியோசாவில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். மரக்கறி மட்டும் தெரியும் பண்டத்திலும் பன்றிக் கொழுப்போ மாட்டிறைச்சிச் சாறோ கலந்திருத்தல் கூடும். உடோனுக்குரிய சாறு பெரும்பாலும் சூரை மீனைப் புகையிட்டு உலர்த்திய கட்டியிலிருந்து வடிப்பதாகும். அது நம் மாசிக்கருவாட்டுக்கு உறவுமுறை. மீன் விலக்கியோர் அச்சாற்றை விடுத்து, நூலுணவை நம் இரசத்தில் இட்டு உண்ணலாம். பன்றி இறைச்சி 'புதாநிகு' எனவும் மாட்டிறைச்சி 'கியூநிகு' எனவும் வழங்கும். இவற்றின் எழுத்துருவை மொழி கற்பிக்கும் ஆசிரியரிடம் எழுதுவித்துக் கையோடு வைத்திருப்பது நன்று. வீட்டு நெறியைக் காத்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதம் போதும். உண்பதற்கு முன் சூடாக்க வேண்டுமா, அன்றா என்பதும் உறையில் எழுதப்பட்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்புக்கு 500 வாற்று, 600 வாற்று என வெவ்வேறு நேரம் குறித்திருப்பர். அறையிலுள்ள அடுப்பின் வலுவை அறிந்தே பயன்படுத்துக. விடுதிகளின் சிறு குளிர்ப்பெட்டிகளில் உறைய வைக்கும் அறை இராமலும் போகலாம். ஆதலின் பயணிகள் அன்றன்று உண்பதை மட்டுமே வாங்குதல் அறிவுடைமை.

வீட்டிலிருக்கும் சகோதரிகள் இதனை நாமும் செய்து பார்க்கலாம். கோதுமை மாவைப் பிசைந்து மெல்லிய வட்டங்களாக்கி, கோவா, கரட், இஞ்சி, உள்ளி ஆகியவற்றை நறுக்கி வதக்கி ஆறிய பின் உள்ளே வைத்து மடியுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டிற் பரப்பி உறைய வைத்து, கெட்டியான பின் பையிலிட்டுக் கட்டி வையுங்கள். தேவைப்படும்போது இளக விடாது ஆவியில் நன்றாக வேக வைக்கலாம்.

மின்சாரத்தை மாத்திரம் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை யாரே மறப்பர்? நிரம்பிய உறைபெட்டியைத் திறவாது வைத்தால் இரண்டு நாளளவும், பாதி நிரம்பியதாயின் ஒரு நாளளவும் குளிர் நிற்கும். ஊருக்குப் போகுமுன் ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், பனி முற்றும் உருகி மீண்டும் உறைந்தது என்பது பொருள். அத்தகைய இறைச்சியையும் மீனையும் இரக்கமின்றி எறிந்து விடுங்கள்.

வெயிலில் உலர்த்தும் கருவாட்டைப் பாதியில் மழை நனைத்தால் அது கெடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். பனியில் வைத்த உணவுக்கும் அதே விதிதான்: காவல் நடுவில் அறுபடலாகாது. யப்பானுக்குச் செல்லும் பிள்ளைக்கு இந்த ஒன்றைச் சொல்லி அனுப்பினால், தாயார் நிம்மதியாக உறங்கலாம்.